புதுத்தண்ணீரில் முதல் சக்கரம்

மலையே இல்லாத தஞ்சாவூரில் மலை மிதிவண்டிக்கு என்ன வேலை என்று காவல் ஆய்வாளர் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பலரும் கேட்டிருக்கிறார்கள். மேடு என்று சொல்ல எங்களுக்கு ஆற்றங்கரைகளும் வாய்க்கால் கரைகளும் மட்டுமே உண்டு. ஆனால், அக்கரைகளின் மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்கள் பிறகு அப்படிக் கேட்பதில்லை. டிராக்டர் சக்கரம் பதிந்து காய்ந்த களிமண், பாதையில் நீட்டி நிற்கும் வேர், திடீரென்று குறுக்கிடும் மதகு, கரையிலிருந்து வயலுக்குச் செங்குத்தாக இறங்கும் மாட்டுத்தடம் ஆகியவற்றில் சாதாரண வண்டியை ஓட்டினால் இடுப்பு ஒரு வாரத்துக்குப் பேசும். அகன்ற டயரும், முன்சக்கரத்துக்கு மேல் அதிர்வைத் தாங்கும் ஷாக்கும், நனைந்தாலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் இருந்தால்தான் அங்கே காலை வைக்கலாம்.

என் பெயர் நெடுமாறன். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டச்சு செய்வதாகச் சொன்னார்கள். அவர் முன்பு எழுதியிருந்த ஒரு வாக்குமூலத்தை மேசைமேல் பார்த்தேன்; வரிக்கு வரி எழுத்துப்பிழை. ஆகவே, நானே என் கைப்பட எழுதித் தருகிறேன்.

மீரா உசேனை நான் ஒரு மிதிவண்டிக் கடையில் சந்தித்தேன். ரியாத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். என் வயதுதான். சர்க்கரை நோய்க்கு மருத்துவர் சைக்கிள் ஓட்டச் சொன்னாராம். மெல்லிய டயர் போட்ட, பந்தயத்துக்கான வண்டி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தார். “இது தார்ச்சாலைக்குத்தான் பாய். நம்ம கரையில ரெண்டு நாள் தாங்காது” என்றேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டு, “அப்ப நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க வாத்தியாரே” என்றார். நான் வாத்தியார் என்பதை எப்படிக் கண்டுகொண்டார் என்று கேட்டேன். “கடைக்காரர் எழுதி வெச்ச போர்டை முறைச்சுக்கிட்டே நின்னீங்களே” என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் வெட்டாற்றின் கரையில் ஓட்டினோம். டயரில் காற்றை எப்போது குறைக்க வேண்டும், இறக்கத்தில் உடலை எப்படிப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும், களியில் சிக்கினால் எந்தக் கியரில் மீள வேண்டும் என்பவற்றை எல்லாம் நான் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சிலர் சேர்ந்தார்கள். ‘தஞ்சை மிதிவண்டிக் குழாம்’ என்று நான் பெயரிட்டேன். எங்களில் இளையவரான எழில்மொழி, கணினி நிறுவனமொன்றில் பணிபுரிபவர், முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினார். அதில் வாரந்தோறும் நான் ஒரு கட்டுரை எழுதினேன். தலைக்கவசத்தின் வார் தாடையில் எங்கே அமைய வேண்டும் என்பதற்கே இரண்டு பகுதிகள் எழுதினேன். ஆர்வலர்களுக்கு ஊக்கமூட்டும் வகையில், ஆனால் பிழையில்லாமல். அவற்றை ஒரு சிலர் படித்தார்கள். கட்டைவிரலை உயர்த்திய குறியை இட்டார்கள். கருத்து என்று எவரும் எழுதியதில்லை.

ஒரு நாள் மீரா உசேன் வயல் வரப்பில் வண்டியோடு சாய்ந்து சேற்றில் விழுந்தார். எழில்மொழி அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை சேறாக எழுந்து நின்ற மீரா உசேன் கேமராவைப் பார்த்து, “விழுந்தா எழுந்திரிங்கப்பா, அவ்ளோதான் விஷயம்” என்றார். அவ்வளவுதான். அந்தக் காணொளி எங்கெங்கோ போயிற்று. பேராவூரணியிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் ஆட்கள் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து அவருடன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இடுப்பு அறுவை முடிந்த ஓர் அம்மையார் அதைப் பார்த்து மீண்டும் நடக்கத் தொடங்கியதாக எழுதினார். அந்த வாக்கியத்தைப் பனியனில் அச்சிட்டார்கள். ‘எழுந்திருங்கள்’ என்பதே முறை என்று நான் சுட்டிக்காட்டியபோது, எழில்மொழி, “சார், பனியன்ல அவ்ளோ எடம் இல்ல சார்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மீரா உசேனும்தான். ஆனால், அவர் சிரித்துக்கொண்டே என் தோளில் கைபோட்டு, “வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்பா” என்றார். அந்தக் கையின் கனம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன கருத்தைப் பல மாதங்களுக்கு முன்பே ‘வீழ்ச்சியும் மீட்சியும்’ என்னும் கட்டுரையில் நான் எழுதியிருந்தேன். அதை எவரும் பனியனில் அச்சிடவில்லை.

அதன்பின் குழுவின் பெயரைக் ‘கரை கேங்’ என்று மாற்றினார்கள். வாக்கெடுப்பு நடந்தது. மாற்ற வேண்டாம் என்று சொன்னவர்கள் நானும் மீரா உசேனும் மட்டுமே. எனக்காக அவர் அப்படிச் சொன்னார் என்று எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவருடைய மகன் ஹம்தான் துபாயிலிருந்து முன்னும் பின்னும் ஷாக் வைத்த வண்டி ஒன்றை அனுப்பினான். கரையின் எந்தப் பள்ளத்திலும் அது தண்ணீரில் போவதுபோல் போகும். “வாத்தியாரே, ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க” என்று அவர் முதலில் என்னிடம்தான் கொடுத்தார். ஓட்டினேன். திரும்பி வந்து என் வண்டியில் ஏறியபோது அது தகரத்தால் செய்ததுபோல் இருந்தது.

பொறாமையா என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். அச்சொல்லை நான் ஏற்கவில்லை. தகுதியில்லாதவன் தகுதியுள்ளவன்மேல் கொள்வது பொறாமை. இங்கே நிலைமை வேறு.

இனிப் புதுத்தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து எங்கள் ஆற்றை அடையச் சில நாள்கள் ஆகும். அது வரும் நாளில் கரையோர மக்கள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். எங்கள் குழுவும் ஒரு வழக்கம் வைத்திருந்தது. நீர் கணுக்காலுக்கு மேல் ஏறி முழங்காலைத் தொடுவதற்குள், ஆற்றின் ஒரு கரையில் இறங்கி மறுகரையில் ஏற வேண்டும். முதலில் போகிறவரின் சக்கரத்துக்கு எழில்மொழி மாலை போடுவார். ஆண்டு முழுவதும் பேசப்படும் படம் அதுதான். இதுவரை ஒவ்வோராண்டும் முதலில் போனவன் நான்.

புதுத்தண்ணீர் கலங்கல் தண்ணீர். நுரையும் சருகும் சுமந்துகொண்டு வரும். அடியில் இருப்பது தெரியாது. கோடைக்காலத்தில் எவரேனும் மணல் அள்ளிவிட்டுப் போயிருந்தால் அந்தக் குழியின்மேலும் நீர் சமமாகத்தான் நிற்கும். அதனால், நீர் வருவதற்கு முன்பே ஒருவர் காய்ந்த ஆற்றில் இறங்கி நடந்து பார்த்து, நல்ல தரையின் இருபுறமும் சிவப்புத்துணி கட்டிய மூங்கில் கம்புகளை நட்டுவைக்க வேண்டும். கம்புகளுக்கு நடுவே போவதே விதி. அந்தப் பொறுப்பு என்னுடையது. மற்றவர்கள் நகரத்துக்காரர்கள். நான் அந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன்.

இந்த ஆண்டு மீரா உசேன் முதலில் போகட்டும் என்று குழுவில் முடிவு செய்தார்கள். நான் மறுத்து எதுவும் எழுதவில்லை. அன்று மாலையே அவர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனைவி கமருன்னிஸா செய்து கொடுத்தனுப்பிய வட்டிலப்பம் என்னும் இனிப்பு கையில் இருந்தது.

“வாத்தியாரே, இது சரியில்ல. எப்பவும்போல நீங்களே முன்னாடி போங்க. நான் உங்க பின்னாடியே வரேன்.”

“குழு முடிவு பண்ணியாச்சு பாய். நீங்களே போங்க.”

“கேங்காவது ஒண்ணாவது. நான் சொன்னா கேட்பாங்க.”

அவர் சொன்னால் கேட்பார்கள். உண்மைதான். என்னுடைய இடத்தை எனக்கு வாங்கித் தரும் அதிகாரம் அவருக்கு இருந்தது. நான் வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டு, நன்றி கூறி அவரை அனுப்பிவைத்தேன். அன்று அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் இந்த வாக்குமூலத்துக்குத் தேவை இருந்திராது. எனவே, நடந்ததில் அவருடைய பங்கும் உண்டு என்பதை ஆய்வாளர் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கொடுக்கிற முறை என்று ஒன்று இருக்கிறது.

நீர் வருவதற்கு முந்தைய மாலை நான் ஆற்றில் இறங்கினேன். நாங்கள் கடக்கும் துறையின் நடுவே புதிதாக ஒரு குழி இருந்தது. மணலை அள்ளியவர்கள் அடியில் களி தட்டியதும் விட்டுப்போயிருந்தார்கள். உள்ளே நின்று பார்த்தேன். இடுப்பளவு ஆழம். மறுகரைப் பக்கம் களிமண் சுவர்போல் நின்றது. காய்ந்து செங்கல்லாக இறுகியிருந்தது. குழியை விலக்கி, வலப்புறமாக வளைத்துக் கம்புகளை நட்டேன். நன்றாகவே நட்டேன். பார்ப்பதற்கு அழகான பாதை.

கரையேறி உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தேன். மறுநாளுக்கான சுவரொட்டியை எழில்மொழி வெளியிட்டிருந்தார். சென்ற ஆண்டுப் படம். அதில் நான் முன்னே நீரைக் கிழித்துக்கொண்டு போகிறேன். எனக்குப் பின்னால் மீரா உசேன் வருகிறார். படத்தை வெட்டி என்னை நீக்கியிருந்தார்கள். அவரும் அவரைச் சுற்றிச் சிதறும் நீரும் இருந்தன. இடது ஓரத்தில் என் பின்சக்கரத்தின் ஒரு துண்டு மட்டும் எஞ்சியிருந்தது. அந்த நீரைச் சிதறடித்ததே என் சக்கரம்தான்.

நான் மீண்டும் இறங்கினேன். அவசரப்படவில்லை. கம்புகளைப் பிடுங்கி, பாதையை நேராக்கினேன். இப்போது குழி இரண்டு வரிசைக்கும் நட்ட நடுவில் இருந்தது. துணிகள் அவிழாதபடி முடிச்சுகளைச் சரிபார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் கரையெல்லாம் கூட்டம். படித்துறையில் பெண்கள் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. எழில்மொழி மறுகரையில் கேமராவுடன் நின்றார். மீரா உசேன் புதிய தலைக்கவசமும், நீர்ப்பை வைத்த முதுகுப்பையுமாக வந்தார்.

“என்ன வாத்தியாரே, கண்ணு செவந்து கெடக்கு? தூங்கலையா?”

“கரையில தூசி பாய்.”

அவருடைய தலைக்கவசத்தின் வார் தளர்ந்திருந்தது. நானே இழுத்து இறுக்கினேன். “கழுத்தை நெரிச்சுடாதீங்க வாத்தியாரே, கமருன்னிஸா உங்களைச் சும்மா விடமாட்டா” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்குத் தீங்கு நினைத்திருந்தால் நான் வாரை ஏன் இறுக்க வேண்டும்? இதைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

“பாதை எப்படி?”

“கம்புக்கு நடுவுல போங்க. வேகத்தைக் கொறைக்காதீங்க. கொறைச்சா மணல்ல சக்கரம் பொதைஞ்சுடும்.”

“நீங்க சொன்னா சரி.”

மணலில் வேகத்தைக் குறைக்கக்கூடாது என்பது உண்மை. அதைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவருடைய இருக்கை உயரமாக இருந்தது. நீரில் இறங்குமுன் இருக்கையைத் தாழ்த்த வேண்டும். முன்சக்கரம் அமிழ்ந்தால் அப்போதுதான் உடலைப் பின்னுக்குத் தள்ள முடியும். அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். என் கட்டுரையை ஒருமுறை படித்திருந்தாலும் அவர் தப்பியிருப்பார். படிக்காதவருக்கு நேர்ந்ததற்கு எழுதியவனை எவ்வளவு தூரம் பொறுப்பாக்கலாம் என்பது சிந்திக்கத்தக்கது.

அவர் இறங்கினார். நல்ல வேகம். இருபுறமும் நீர் விசிறிபோல் எழுந்தது. பிறகு முன்சக்கரம் மறைந்தது. வண்டியின் பின்பகுதி எழும்பி, அவர் கைப்பிடிக்கு மேலே பறந்து, தலைகுப்புறப் போனார்.

கரையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர் விழுவது அவர்களுக்குப் பிடிக்கும். விழுந்தவர் எழுந்து, சிரித்து, ஏதேனும் சொல்வார் என்று காத்திருந்தார்கள். “பாய்! பாய்!” என்று கூவினார்கள். எழில்மொழி படம்பிடிப்பதை நிறுத்தவில்லை. நீரின் இழுப்பு அவரைப் புரட்டி மிதக்கவிட்டிருந்தது. வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். கைகால்கள் அசையவில்லை. கைதட்டல் ஓயும் முன்பே நான் நீரில் இறங்கிவிட்டேன். மற்றவர்கள் பின்னால் காலால் தடவித் தடவி வந்தார்கள். முதலில் அவரை அடைந்தவன் நான். கழுத்து அசையாதபடி தலையை இரு கைகளாலும் தாங்கி, முறைப்படி வெளியே கொண்டுவந்தேன். இப்படித் தூக்கியவர் யாரோ விவரம் தெரிந்தவர் என்று மருத்துவர் பாராட்டியதாகச் சொன்னார்கள். அந்தப் பாராட்டை எவரும் முகநூல் பக்கத்தில் எழுதவில்லை.

உயிர் பிழைத்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இனி அசையாது என்கிறார்கள். கமருன்னிஸா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா அன்னைக்கே போயிருப்பாரு” என்று அழுதார். நாள்தோறும் மருத்துவமனைக்குப் போனேன். அவருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்த நாள்கள் எனக்கு மோசமாக இல்லை. எங்கள் முதல் ஞாயிறுகளைப்போல் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

இதற்கிடையே குழுவில் பேச்சு கிளம்பியது. ஒருவர் எழுதினார்: ‘கம்பு தப்பா நட்டிருக்கணும். சாருக்குக் கண்ணு சரியாத் தெரியல போல.’ இன்னொருவர்: ‘பாவம், வயசாயிடுச்சுல்ல. அவரைக் குறை சொல்லி என்ன.’ கம்புகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. காணொளியில் நீர்த்தெறிப்பு எல்லாவற்றையும் மறைத்திருந்தது. தடுமாறும் கிழவனின் பிழை என்றே பேசினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாளில் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாத கண்கள் இவை.

ஒரு பிற்பகல் கமருன்னிஸா தேநீர் வாங்கிவரக் கீழே போனார். நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

“வாத்தியாரே.”

“சொல்லுங்க பாய்.”

“அன்னைக்கு எல்லாரும் காலால தடவிக்கிட்டே வந்தாங்க. நீங்க மட்டும் நேரா வந்தீங்க. குழி விளிம்புல நின்னு, அளந்து காலை வெச்சு எறங்குனீங்க. நான் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்.”

நான் செய்தித்தாளை மடியில் வைத்தேன்.

“குழி இருக்கறது தெரியும்ல?”

“தெரியும்.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்றே எண்ணினேன்.

“நான் ஒங்ககிட்ட எதை எடுத்துக்கிட்டேன் வாத்தியாரே?” என்று கேட்டார். பிறகு, “சரி, விடுங்க. கமருகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா. மீதியைப் படிங்க” என்றார்.

நான் மீதியைப் படித்தேன்.

அதற்கு அடுத்த நாள் தங்கள் காவலர்கள் வந்தபோது அவர் கொடுத்த வாக்குமூலம் தங்களிடம் இருக்கிறது. கம்புகளைச் சரியாகத்தான் நட்டிருந்தார்கள், வேடிக்கை காட்டுவதற்காக நான்தான் வெளியே விலகிப் போனேன், வாத்தியார்மேல் எந்தத் தவறும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வழக்கை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அத்துடன் நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

எழில்மொழி அதைப் பக்கத்தில் எழுதினார். இந்த நிலையிலும் பாய் தம் நண்பரைக் காப்பாற்றுகிறார், வயதான நண்பரின் பிழையைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார், இதுதான் மனிதம் என்று எழுதினார். நான் அறிந்து எங்கள் பக்கத்தில் அவ்வளவு பேர் கருத்து எழுதியதில்லை. ‘எவ்ளோ பெரிய மனசு’ என்று ஒருவர் பின் ஒருவராக எழுதிக்கொண்டே போனார்கள். அசைய முடியாமல் கிடக்கிறார். ஒரு வரி எழுதவும் முடியாது. ஆயினும் எல்லாரும் அவரைத்தான் படிக்கிறார்கள். அதில் நான் யார்? கண் மங்கியவன். மன்னிக்கப்பட்டவன்.

ஆகவே, தெளிவாக எழுதுகிறேன். அவர் விலகவில்லை. நான் சொன்ன பாதையில், சொன்ன வேகத்தில், இரண்டு கம்பு வரிசைகளுக்கும் நட்ட நடுவில் போனார். குழி அங்கே இருந்தது எனக்குத் தெரியும். பாதையை அதன்மேல் கொண்டுபோனவன் நான். அது கண்ணின் பிழை அன்று. அதில் எந்தப் பிழையும் இல்லை.

இதன் ஒரு படியை எழில்மொழியிடம் கொடுத்து, ஓர் எழுத்தும் மாறாமல் பக்கத்தில் வெளியிடச் சொல்லுமாறு ஆய்வாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் பெருந்தன்மையாளன் என்று பெயர் வாங்குவது எவருக்கும் எளிது. செய்ததை, எவரும் சந்தேகிக்காதபோது, தானே நடந்து வந்து ஒப்புக்கொள்கிறவன் அரிது. படிப்பவர்கள் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இம்முறையாவது நடுநிலையோடு கருத்து எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.